குருதிக்குழாய் அழற்சியும் ஆய்வுக்கூடமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இவ்வறக்கட்டளைக்கு மூலதனம் அளித்தவர்கள் சொற்பொழிவாளருக்கு விதித்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: மருத்துவத் துறையில் அன்றாடம் நடைபெறும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அத்துறையில் பழகாதவரும் இருந்து கேட்டுச் செல்லும்படி தமிழிலே சொல்ல வேண்டும் என்பது. தமிழில் மருத்துவம் பேச எழுகிறவர்கள் முதல் மூச்சிலேயே வள்ளுவரின் மருந்து அதிகாரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவது வழக்கம். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தைக் கருதி அந்த மரியாதையை மனத்துக்குள்ளேயே செலுத்திவிட்டேன். நான் எடுத்துக்கொண்ட விஷயம் இரத்தக்குழாய்களின் சுவரில் பற்றும் அழற்சியையும், அதை நிர்ணயிப்பதற்கு ஆய்வுக்கூடம் எவ்வளவு தூரம் துணை நிற்கும், எந்த இடத்தில் கையை விரித்துவிடும் என்பதையும் பற்றியது. இந்நோய் அபூர்வமானதுதான், ஆயினும் சோதனை என்பதன் இயல்பையே விளங்கிக்கொள்வதற்கு இதைப்போல் உதவும் நோய் வேறில்லை என்பது, நோய்க்குறியியல் கற்பித்தே காலம் கழித்தவனாகிய என்னுடைய அபிப்பிராயம்.

சரீரத்தில் இரத்தக்குழாய் செல்லாத இடம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆதலால், அக்குழாய்களின் சுவரிலே அழற்சி உண்டானால், அதன் அடையாளம் எந்த உறுப்பிலும் தோன்றலாம். நாற்பது வயதைக் கடந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். பல மாதமாக மூக்கடைப்பு. காலையில் மூக்கைச் சிந்தினால் இரத்தம் தோய்ந்த பொருக்கு உதிர்கிறது. காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சைனஸ் என்கிறார். ஒரு கண் சிவந்து வலிக்கிறது. கண் வைத்தியர் சொட்டு மருந்து தருகிறார். மூட்டுகள் நோகின்றன, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, உடம்பு இளைக்கிறது, பிறகு இருமலில் இரத்தம் காண்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் உருண்டையான நிழல்களும், அவற்றில் ஒன்றிரண்டு நடுவே குழிந்தும் இருக்கின்றன. நம் தேசத்தில் இப்படி ஒரு படத்தைப் பார்த்த எந்த மருத்துவரும் முதலில் க்ஷயம் என்றுதான் எண்ணுவார், எண்ணுவதும் நியாயமே. சளியில் கிருமி அகப்படாவிட்டாலும் காசநோய் மாத்திரை தொடங்கப்படுகிறது. இரண்டு மாதம் சென்றபின் கால் வீங்குகிறது. அப்பொழுதுதான் எவரோ ஒருவர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்கச் சொல்கிறார். சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டிருக்கிறது. மூக்கையும் கண்ணையும் மார்பையும் தனித்தனியே பார்த்தவர்களில் ஒருவரும் தம் வேலையில் தவறியவரல்லர். இவை யாவும் ஒரே வியாதியின் கிளைகளாக இருக்கக்கூடும் என்ற ஐயம் மட்டும் எவர் மனத்திலும் எழவில்லை.

இந்த வியாதிக் குடும்பத்தை உலகத்துக்கு முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்கள் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் இருந்த குஸ்மௌலும் மையரும், ஆண்டு 1866. இருபத்தேழு வயதுத் தையல் தொழிலாளி ஒருவர் இறந்தபின் அவர் உடலை அறுத்துப் பார்த்தபொழுது, நடுத்தர அளவுத் தமனிகளின் நெடுகிலும் சிறு முடிச்சுகள் இருப்பதைக் கண்டு அவர்கள் எழுதினார்கள். நான் இப்பொழுது வருணித்த, மூக்கையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒருசேரத் தாக்கும் வகையை 1931-இல் ஹைன்ஸ் கிளிங்கரும், 1936-இலும் 1939-இலும் ஃப்ரீட்ரிக் வேகனரும் விவரித்தார்கள். வேகனரின் பெயராலேயே அது நெடுங்காலம் வழங்கியது. அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினராயிருந்தமை பிற்காலத்தில் வெளிப்பட்டபின், 2011-இல் வாதநோய், சிறுநீரகச் சங்கங்கள் கூடி அப்பெயரை விலக்கத் தீர்மானித்து, கிரானுலோமடோசிஸ் வித் பாலியாஞ்சைட்டிஸ் என்ற நீண்ட பெயரைச் சூட்டின. சுருக்கமாக ஜி.பி.ஏ. என்கிறோம். பெயர் நீக்கப்பட்டது முறையே என்பது என் எண்ணம். வந்து சேர்ந்த பெயரின் நீளத்தைத்தான் மாணவர்கள் சபிக்கிறார்கள்.

சிகிச்சை இல்லாத காலத்தில் இந்நோய் எப்படி இருந்தது என்பதை 1958-இல் வால்டன் என்பவர் தொகுத்துக் காட்டிய கணக்கு சொல்லும்: நோயாளிகளின் சராசரி ஆயுள் ஐந்து மாதம், ஓராண்டுக்குள் நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் மாண்டார்கள். 1973-இல் அமெரிக்காவில் ஃபௌசியும் வுல்ஃபும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தையும் ஸ்டீராய்டையும் கூட்டிக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டபின் அந்தக் கணக்கு தலைகீழாயிற்று. ஆனால் அம்மருந்துகள் சாமானியமானவை அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைப்பவை அவை. நோய் இருக்கையில் கொடாவிட்டால் சிறுநீரகம் சில வாரங்களில் அழியும். நோய் இல்லாதவருக்கு, அதிலும் உள்ளே கிருமி குடிகொண்டிருப்பவருக்குக் கொடுத்துவிட்டால் அம்மருந்தே உயிரை வாங்கும். இரு புறமும் இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பதனால்தான் நிர்ணயம் என்ற காரியத்துக்கு இங்கே இவ்வளவு கனம் வந்து சேருகிறது.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவோம். நோயாளியின் கையில் இருக்கும் சீட்டில் முதலில் காணப்படுவது ஈ.எஸ்.ஆர். அதாவது, இரத்தத்தை உறையாவண்ணம் சிட்ரேட் கலந்து, 200 மில்லிமீட்டர் அளவு குறித்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் செவ்வணுக்கள் எவ்வளவு தூரம் கீழே படிகின்றன என்று பார்ப்பது. போலந்து நாட்டவரான பியர்நாட்ஸ்கி 1897-இலேயே இதைக் கவனித்தார். ஸ்வீடனின் ஃபோரியஸ் 1918-இல் கருவுற்ற மகளிரிடத்தே ஆராய்ந்தார். அந்நாட்டவரே ஆகிய வெஸ்டர்கிரென் 1921-இல் இன்றளவும் வழங்கும் முறையை வகுத்தார். அழற்சி உண்டானால் இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்கள் மிகுகின்றன. அவை செவ்வணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் தன்மையைக் குறைப்பதால் அணுக்கள் காசு அடுக்கினாற்போல் சேர்ந்து விரைவில் இறங்குகின்றன. விஷயம் இவ்வளவுதான். இரத்தசோகை இருந்தாலும் இறங்கும், கர்ப்பத்திலும் இறங்கும், முதுமையிலும் இறங்கும், க்ஷயத்திலும் புற்றிலும் இறங்கும். 1930-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் மருத்துவமனையில் டில்லட்டும் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளிடம் கண்டறிந்த சி.ஆர்.பி. என்னும் புரதம் இதைவிட விரைவாக ஏறும், விரைவாக இறங்கும். ஆனாலும், இன்ன வியாதி என்று அதுவும் சொல்லாது. உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்ற அளவில் இவ்விரண்டும் நின்றுவிடுகின்றன.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அழற்சி இருக்கும்பொழுதே இவை ஏறாமல் இருப்பதும் உண்டு. இந்தியாவில் பெருந்தமனிகளைப் பாதிக்கும் அழற்சிகளில் மிகுதியாகக் காணப்படுவது தகயாசு நோய். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. மகாதமனியும் அதிலிருந்து பிரியும் கிளைகளும் தடித்துச் சுருங்க, மணிக்கட்டில் நாடி அகப்படாமற் போய்விடும். ஜப்பானிய கண் மருத்துவர் மிகிதோ தகயாசு 1908-இல் ஒரு பெண்ணின் விழித்திரையில் விசித்திரமான இரத்தக்குழாய் வளையங்களைக் கண்டு எடுத்துரைத்தபொழுது, அவருடைய சகாக்களாகிய ஒனிஷி, ககோஷிமா என்ற இருவர் தாங்கள் பார்த்த அதுபோன்ற நோயாளிகளுக்குக் கையில் நாடியே இல்லை என்று கூறினார்கள். இந்நோயில் ஈ.எஸ்.ஆர். இயல்பான அளவில் இருக்கையிலேயே தமனிச் சுவரில் அழற்சி நடந்துகொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். இதனால்தான், நம் நாட்டு வாதநோய் வல்லுநர்கள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் உட்பட, தகயாசு நோயின் வேகத்தை அளக்க ஐடாஸ் 2010 என்ற அளவுமுறையை வகுத்தபொழுது, நாடி மறைவு, கழுத்துத் தமனியில் கேட்கும் இரைச்சல், இரு கைகளின் நாடியில் வேற்றுமை ஆகிய, கையாலும் காதாலும் அறியத்தக்கவற்றையே அதற்கு அடிப்படையாக்கினார்கள். டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பெறும் நோயாளிக்கோ சி.ஆர்.பி. அறவே பயன்படாது, கல்லீரலை அப்புரதத்தைச் சுரக்கத் தூண்டும் சமிக்ஞையையே அம்மருந்து தடுத்துவிடுகிறது. அங்கே அறிக்கை இயல்பான அளவு என்று வருவது சிகிச்சை பலித்ததனாலா, சோதனையே ஊமையானதனாலா என்று பிரித்தறிய இயலாது.

இப்பொழுது இன்றைய பொழிவின் நடுநாயகமான சோதனைக்கு வருகிறேன். 1982-இல் ஆஸ்திரேலியாவில் டேவிஸ் என்பவரும் அவர் சகாக்களும் சிறுநீரக வடிகட்டிகளில் ஒருவகை அழற்சி கண்ட எட்டு நோயாளிகளின் இரத்தத்தில், அவர்களுடைய சொந்த நியூட்ரோபில் வெள்ளணுக்களுக்கே விரோதமான எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார்கள். கொசுவினால் பரவும் ஏதோ ஒரு வைரஸ்தான் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் அநுமானித்தார்கள். அந்த அநுமானம் பிற்பாடு நிற்கவில்லை, கண்ட காட்சி நின்றது. 1985-இல் ஹாலந்தைச் சேர்ந்த வான் டெர் வூடெயும் டென்மார்க் ஆய்வாளர்களும் கூடி, இந்த எதிர்ப்பொருள் வேகனர் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். 1988-இல் அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் ஃபால்க்கும் ஜென்னட்டும் இவ்வகை எதிர்ப்பொருளில் ஒன்று மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியை நோக்கியது என்று காட்டினார்கள். அடுத்த இரண்டாண்டுகளுக்குள் மற்றொன்றின் இலக்கு புரோட்டினேஸ்-3 என்பது நிச்சயமாயிற்று. இவ்வெதிர்ப்பொருள்களுக்கு ஒட்டுமொத்தமாக அன்கா என்று பெயர். நோயாளிகளும் இன்று அப்படியே சொல்கிறார்கள். 'டாக்டர், எனக்கு அன்கா பாசிட்டிவ்' என்று வருகிறவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எதற்காக அதைச் செய்தீர்கள் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

அச்சோதனை செய்யப்படும் விதத்தைச் சற்று அருகே நின்று பார்ப்பது நல்லது. ஆரோக்கியமான ஒருவரின் வெள்ளணுக்களைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி, எத்தனாலில் தோய்த்து நிலைப்படுத்துவார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்க்கச்செய்து அதன்மேல் இட்டு, அரைமணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு, மனித எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தை விடுவார்கள். பிறகு இருட்டறையில், நீல ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியின் கீழே சில்லைவைத்துக் கண்ணைப் பொருத்தினால், எதிர்ப்பொருள் உள்ள சீரத்தில் வெள்ளணுக்கள் இளம்பச்சை நிறத்தில் ஒளிரும். அந்த ஒளி இருவகையாகத் தெரியும். அணுவின் உடலெங்கும் பொடிப்பொடியாகப் பரவி, உட்கருவின் மடல்களுக்கு இடையில் சற்று அடர்ந்து தெரிவது ஒன்று. இது பெரும்பாலும் புரோட்டினேஸ்-3. உட்கருவைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நாடா சுற்றினாற்போலத் தெரிவது மற்றொன்று. இது பெரும்பாலும் மையலோபெராக்சிடேஸ். முன்னதை சி-அன்கா என்றும் பின்னதை பி-அன்கா என்றும் அழைத்தோம். அவ்விரண்டும் இயற்கையிலேயே வேறுபட்ட இரு தோற்றங்கள் என்று மாணவர்களுக்கு மனப்பாடமும் செய்வித்தோம்.

உண்மை என்னவென்றால், அந்த இரண்டாவது தோற்றம் உயிருள்ள அணுவில் இல்லவே இல்லை. மையலோபெராக்சிடேஸும் புரோட்டினேஸைப்போல அணுவின் உடலில் உள்ள நுண்மணிகளுக்குள்தான் அடைந்து கிடக்கிறது. எத்தனால் அம்மணிகளின் உறையைக் கரைத்துவிடுகிறது. நேர்மின்னூட்டம் வலுத்த அந்த நொதி வெளிப்பட்டு, எதிர்மின்னூட்டமுள்ள உட்கருவை நோக்கி நகர்ந்து அங்கே ஒட்டிக்கொள்கிறது. எத்தனாலுக்குப் பதிலாக ஃபார்மலினில் நிலைப்படுத்திய சில்லில் அதே சீரத்தை இட்டால் ஒளி மறுபடியும் அணுவின் உடலுக்கே திரும்பிவிடும். ஆக, பல ஆண்டுக்காலம் உலகெங்கும் அறிக்கைகளில் எழுதப்பட்ட ஒரு வேற்றுமை, ஆய்வுக்கூடத்தின் சீசாவிலிருந்த சாராயம் உண்டாக்கிய வேற்றுமையாகும். அது பயனற்றதாய்ப் போய்விடவில்லை. ஒன்றையொன்று பிரித்தறிய உதவவே செய்தது. ஆனால் உட்கருவுக்கே விரோதமான வேறொரு எதிர்ப்பொருள், லூபஸ் நோயில் காண்பது, அதே இடத்தில் அதே விதமாக ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றவும் செய்தது. குடற்புண் அழற்சியிலும், கல்லீரலின் தன்னெதிர்ப்பு நோயிலும் காணும் பி-அன்காவுக்கோ இலக்கு பெரும்பாலும் வேறு புரதம். இக்காரணங்களால், 2017-இல் வெளியான சர்வதேச இணக்க அறிக்கை, ஒளிரும் சில்லை முதலில் பார்க்க வேண்டும் என்ற பழைய விதியைத் தளர்த்தி, இவ்விரண்டு நொதிகளுக்கும் எதிரான பொருளை நேரடியாக அளக்கும் உயர்தர முறைகளையே முதல் சோதனையாகக் கொள்ளலாம் என்றது. நம் ஊர்களில் இன்னும் பல இடங்களில் பி-அன்கா பாசிட்டிவ் என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வருகிறது. எந்த நொதிக்கு, எந்த அளவில் என்பது அதில் இராது. அப்படிப்பட்ட தாளைக்கொண்டு எவருக்கும் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கத் துணியலாகாது.

சோதனை செம்மையாகச் செய்யப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் பாசிட்டிவ் என்பதற்கு என்ன பொருள்? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மருத்துவர்களும் வீட்டுக்குப் போய் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உதாரணத்துக்காக, நோயுள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டுபிடிப்பதும், நோயற்ற 100 பேரில் 2 பேரை மட்டும் தவறாகப் பிடிப்பதுமான நல்ல சோதனை ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். மூக்கில் பொருக்கும், நுரையீரலில் குழிந்த நிழலும், சிறுநீரில் செவ்வணுவும் ஒருங்கே உள்ள 1,000 பேருக்கு இதைச் செய்கிறோம். அவர்களுள் உண்மையில் பாதிப்பேருக்கு நோய் உண்டு என்க. 450 பேர் மெய்யாகவும், 10 பேர் பொய்யாகவும் பாசிட்டிவ் ஆவர், அறிக்கையை நம்பலாம். அதே சோதனையை உடம்புவலி, சோர்வு, மூட்டுவலி என்று வந்த 1,000 பேருக்கு, 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று செய்கிறோம். அவர்களுள் 10 பேருக்கே நோய் என்க. 9 பேர் மெய். ஏறக்குறைய 20 பேர் பொய். பாசிட்டிவ் என்று தாள் வாங்கிய மூவரில் இருவருக்கு நோயே கிடையாது. கருவியும் அதுவே, கையும் அதுவே. கேட்டவர் மனத்தில் காரணமுள்ள சந்தேகம் இருந்ததா என்பதுதான் இவ்விரண்டு கூட்டத்துக்கும் உள்ள பேதம். நம் தருக்க நூலார் மலையில் புகை கண்டு நெருப்பை அநுமானிக்கும் முறையைச் சொல்லும்பொழுதே, பனிப்படலத்தைப் புகையென்று கொண்டவன் அடையும் திரிபையும் சேர்த்துச் சொல்லிவைத்தார்கள். மார்கழிக் காலையில் மலையைப் பார்ப்பவன் புகையென்று சொல்வதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் சாரம்.

அன்காவைப் பொறுத்தவரை அந்தப் பனி எங்கெங்கே படியும் என்பது நன்கு தெரிந்த விஷயம். இதய வால்வில் கிருமி தங்கி வளரும் நோயில் புரோட்டினேஸ்-3 எதிர்ப்பொருள் தோன்றுவதுண்டு. அந்நோயாளிக்கும் காய்ச்சல் இருக்கும், ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கும், சிறுநீரில் இரத்தம் போகும், காலில் செம்புள்ளி இருக்கும். பார்ப்பதற்குச் சற்றும் வேற்றுமை தெரியாது. இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பாராமல், இதயத்தை எக்கோவில் பாராமல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடங்கினால் விளைவு என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காசநோயாளர் சிலரிடத்தும் அன்கா காணப்படும். அவர்கள் நுரையீரலிலும் குழி உண்டு. திசுவை எடுத்துப் பார்த்தால், ஜி.பி.ஏ.வில் போலவே அங்கும் கிரானுலோமா என்னும் அழற்சி முடிச்சு உண்டு. ஆகையால் நம் நாட்டில் சளியை முறையாகப் பார்ப்பதும், திசுவில் கிருமிக்கான சாயமும் வளர்ப்பும் செய்வதும் அன்காவுக்குப் பிந்தியவை ஆகா. தைராய்டுக்குக் கொடுக்கும் புரோபைல்தயோயுராசிலும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரலசினும் மையலோபெராக்சிடேஸ் எதிர்ப்பொருளை மிக உயர்ந்த அளவில் உண்டாக்க வல்லவை. நோயாளி விழுங்கும் மாத்திரைகளின் பட்டியலைக் கேட்பது எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பாமல் செய்யத்தக்க சோதனை.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்று வந்ததனால் நோயில்லை என்று சொல்லிவிடுவதற்கும் இல்லை. உடலெங்கும் பரவிய ஜி.பி.ஏ.விலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அன்கா அகப்படுவதில்லை. மூக்கோடும் காதோடும் நின்றுவிட்ட நோயில் இன்னும் மிகுதியாக அகப்படாது. ஆஸ்துமாவோடும் ஈசினோபில் என்னும் வெள்ளணுவின் பெருக்கத்தோடும் வரும் சர்க்-ஸ்ட்ராஸ் வகையில் பாதிக்குமேற்பட்டோர் நெகட்டிவே.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்நோய்க்கு மிக உகந்த சோதனை எது என்று என்னைக் கேட்டால், சிறுநீரை நுண்ணோக்கியில் பார்ப்பது என்பேன். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அன்காவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர் ஐம்பதோ நூறோ ரூபாய்ச் சோதனையை மதிப்பதில்லை. மதிக்காதவர் நோயாளி மட்டும் அல்லர். சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாயில் அழற்சி கண்டு சுவர் கிழிந்தால், செவ்வணுக்கள் அந்தக் கிழிசலின் வழியே பிதுங்கி, வழிநெடுக நசுங்கி உருமாறி வெளிவருகின்றன. கல்லினாலோ கட்டியினாலோ கீழ்வழியில் கசியும் இரத்தத்தின் அணுக்கள் வட்டம் கெடாமல் இருக்கும். மேலிருந்து வரும் அணுக்களோ குமிழ் முளைத்தும், வளையம்போல் வெளிறியும், ஓரம் பிய்ந்தும் காணப்படும். மெல்போர்னில் பிர்ச்சும் ஃபேர்லியும் 1979-இல் இந்த வேற்றுமையை லான்செட்டில் விளக்கினார்கள். இதனினும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு: சிறுநீரக நுண்குழலுக்குள்ளேயே செவ்வணுக்கள் புரதத்தோடு கெட்டிப்பட்டு, அக்குழலின் வார்ப்பாக வெளிவரும் செம்பழுப்பு நிற உருளை. அதைக் கண்ட கணமே சிறுநீரகத்துக்குள் இரத்தக் கசிவு நடக்கிறது என்று நிச்சயமாகிறது.

அதைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். காலையில் கழித்த புதிய சிறுநீரில் பத்து மில்லிலிட்டரைச் சுழல் யந்திரத்தில் ஐந்து நிமிடம் மெதுவாகச் சுழற்றி, மேல்நீரைக் கொட்டி, அடியில் தங்கிய துளியைச் சில்லில் இட்டு, வெளிச்சத்தைத் தணித்து, சில்லின் ஓரங்களை முதலில் துழாவ வேண்டும். உருளைகள் ஓரத்துக்கு ஒதுங்கும் சுபாவமுடையவை. மாதிரி நான்கு மணி நேரம் மேஜைமேல் வெயில் காய்ந்தால் உருளைகள் கரைந்துபோகும். நூற்றுக்கணக்கான குப்பிகளை இயந்திரத்தில் ஓட்டும் பெரிய ஆய்வுக்கூடத்தில் இவை தப்பிவிடுவதும் அதனாலேயே. வார்டின் ஓர் அறையில் பழைய நுண்ணோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, தம் நோயாளியின் சிறுநீரைத் தாமே பார்க்கும் சிறுநீரக மருத்துவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பத்து நிமிஷத்தில் அவர்கள் அறிந்துகொள்வதை எங்கள் கட்டிடம் மூன்று நாளில் சொல்லி அனுப்புகிறது.

சந்தேகம் இவ்வாறு உருப்பெற்றபின், கூடுமான இடத்திலெல்லாம் திசுவை எடுத்துப் பார்ப்பதே முறை. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கில், வடிகட்டியின் ஒரு பகுதி மட்டும் அழுகி, அதைச் சுற்றிப் பிறைவடிவில் அணுக்கள் குவிந்திருக்கும். ஒளிரும் சாயத்தில் பார்த்தாலோ, லூபஸ் போன்ற நோய்களில் குவியலாய்த் தெரியும் எதிர்ப்பொருள்கள் அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இரா. இல்லாமையே அடையாளமாக அமையும் விந்தை இது. மூக்கிலிருந்து எடுத்த திசு பெரும்பாலும் வெறும் அழற்சி என்று முடிந்துவிடும்; அந்த அறிக்கையைக் கண்டு நோய் இல்லை என்று கொள்ளலாகாது. நேரம்தான் இங்கே சத்துரு. கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, அறிகுறிகள் யாவும் ஒரே திசையைக் காட்டி, கிருமி நோய்களும் இயன்றவரை விலக்கப்பட்டுவிட்டால், எந்த அறிக்கைக்காகவும் காத்திராமல் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட வேண்டும்.

இளைய மருத்துவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் கூடி வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளில், புரோட்டினேஸ்-3 எதிர்ப்பொருள் இருந்தால் ஐந்து மதிப்பெண், ஜி.பி.ஏ. என்று வகைப்படுத்தத் தேவைப்படுவதும் ஐந்தே மதிப்பெண். கைப்பேசியில் கூட்டிப் பார்த்துவிட்டு, 'ஸார், மார்க் வந்துவிட்டது' என்று நோயை முடிவுகட்டி வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவ்விதிகளின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது: சிறு அல்லது நடுத்தரக் குழாய்களின் அழற்சி என்று முன்னமே நிர்ணயிக்கப்பட்டு, அதைப்போல் வேஷமிடும் பிற நோய்கள் விலக்கப்பட்ட பின்னரே இவற்றைப் பிரயோகிக்க வேண்டும் என்று. ஆராய்ச்சிக்கு ஒரே தன்மையுள்ள நோயாளிகளைத் தொகுப்பதற்காக ஏற்பட்டவை அவை. வால்வில் கிருமியோடு படுத்திருப்பவரும் அந்த ஐந்து மதிப்பெண்ணைச் சுலபமாக வாங்கிவிடுவார்.

எங்களிடம் வரும் சோதனை விண்ணப்பத்தில், நோயாளியின் விவரம் எழுதுவதற்கென்று நான்கு அங்குல இடம் விட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது வெறுமையாகவே வரும். அல்லது காய்ச்சல் என்ற ஒரு சொல் இருக்கும். மூக்கில் பொருக்கு, சிறுநீரில் இரத்தம், இரண்டு மாதமாகக் காசநோய் மாத்திரை என்று எவரேனும் எழுதியனுப்பினால், விளிம்பில் நிற்கும் அளவு ஒன்றைக் கண்டபொழுது நாங்கள் மறுபடி செய்து பார்ப்போம், வேறு முறையில் ஒத்துப்பார்ப்போம், தொலைபேசியில் அழைப்போம். ஒன்றும் எழுதாத தாளுக்கு எண் மட்டுமே திரும்பிப்போகும்.

கடைசியாக, சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர்களைக் குறித்து. இவர்கள் மூன்று மாதத்துக்கொருமுறை அன்கா அளவைப் பார்த்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அது 20-இலிருந்து 60-க்கு ஏறிவிட்டால் இரவில் உறங்காமல் வந்து நிற்கிறார்கள். அளவு ஏறியவர்களுள் சிலருக்கு நோய் திரும்புவது உண்மைதான், பலருக்குத் திரும்புவதில்லை, ஏறாமலே திரும்புவதும் உண்டு. எண் ஏறிய ஒரே காரணத்துக்காக மருந்தைக் கூட்டுவதை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. வந்தவரை உட்காரவைத்து, மூக்கில் மறுபடி பொருக்கு உண்டா, காது அடைக்கிறதா, இருமலில் இரத்தம் உண்டா, பாதம் மரத்துப்போகிறதா என்று கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, கிரியேட்டினினுக்கு இரத்தம் எடுத்து, அன்று காலைச் சிறுநீரை அப்பொழுதே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இவை யாவும் சுத்தமாயிருந்தால் மருந்தை அப்படியே விட்டு, அடுத்த சந்திப்பை மூன்று மாதத்துக்குப் பதிலாக ஒரு மாதத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவதே தற்போதைக்குத் தக்க வழி.